ஆலங்கட்டியும் அண்ணன் தோளும்

என் அண்ணனுடைய கால் பொசுங்க வேண்டும் என்று நான் அம்மனிடம் கேட்டுக்கொண்டது உண்மைதான். அதை மூடி மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ரங்கூனில் பங்குனி மாசம் ஆலங்கட்டி விழுந்ததே, அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் தங்கள் வீட்டுத் தகரக் கூரை ஓட்டையானதையும், கார்க் கண்ணாடி நொறுங்கியதையும், மாம்பிஞ்செல்லாம் உதிர்ந்ததையும் சொல்வார்கள். நான் அண்ணனைச் சொல்வேன். என்னைக் கேட்டால் அந்த ஆலங்கட்டி அவனுக்காகத்தான் விழுந்தது. மற்றவர்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள்.

ரங்கூனின் அலோன் பகுதியில், ஆற்றுத்துறைக்குப் போகிற வழியில் எங்கள் அம்மன் கோயில் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள் கட்டிய கோயில். வருஷா வருஷம் பங்குனியில் அங்கே தீமிதி நடக்கும். இறங்கப் போகிறவர்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பூசாரி மஞ்சள் துண்டு கோத்த நூலைக் கையில் கட்டிவிடுவார். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவர்கள் கவுச்சி தொடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. காப்பு இல்லாதவர்கள் குழியில் இறங்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. குழந்தைக்காக வேண்டிக்கொண்டிருந்தால், காப்புக் கட்டிய ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நெருப்பைத் தாண்டுவார். அப்படித் தூக்குகிற உரிமை எங்கள் கோயிலில் தாய்மாமனுக்குத்தான். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு யாராவது தூக்கினால் வேண்டுதல் சேராது என்பார்கள்.

என் மகளுக்கு நாலு வயதில் டெங்கு வந்தது. பல் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்த அன்றைக்கு டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே பேசிவிட்டுப் போனார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோயிலுக்கு ஓடி, அவளைத் திருப்பிக் கொடுத்தால் உன் நெருப்பைத் தாண்ட வைக்கிறேன் என்று அம்மனிடம் சொன்னேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அடுத்த பங்குனிக்கு அண்ணனிடம் ஆள் அனுப்பினேன். பக்கத்து லான்மடாவில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற ஒரு பர்மாக்காரரை நான் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. இருந்தாலும் குழந்தை உயிர் விஷயம், தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நினைத்தேன். போனவர் திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"கபியாப் பிள்ளைக்கு நான் மாமன் இல்லன்னுட்டாரும்மா."

கபியா என்றால் பர்மியப் பேச்சில் கலப்பு ரத்தம். பர்மாக்காரர்கள் அதைச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள். அண்ணன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் சதை ஆடவில்லை, அவ்வளவுதான்.

அதனால் வேண்டுதல் நின்றுபோயிற்று. அவள் வளர்ந்து, தானே காப்புக் கட்டிக்கொண்டு தன் காலால் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். சொல்ல எளிது. அவளுக்குச் சாதாரணச் சளிக் காய்ச்சல் வந்தால்கூட, அம்மன் கடனை ஞாபகப்படுத்துகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பல் துலக்கித் துப்புகிற தண்ணீரில் சிவப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். பதினைந்து வருஷம் இப்படிப் போயிற்று. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவன் விரும்பவும் இல்லை. அவன் கோயில் தலைவராகி, வருஷா வருஷம் முதல் ஆளாகக் குழியில் இறங்கி, மாலை மரியாதை வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பங்குனியில் மகளுக்குப் பத்தொன்பது வயது. ஊரில் வாலிபப் பிள்ளைகளில் பாதிப் பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். காப்புக் கட்ட வரிசையில் நின்றவர்கள் குறைவு. பூசாரி யாரையும் ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டே வந்தார், என் மகள் கையிலும் கட்டினார். அவள் கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசுகிற தனக்காச் சந்தனம் பூசி, தலை நிறையப் பூ வைத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பதினைந்து வருஷத்துப் பாரம் இறங்கினது போல இருந்தது.

அப்போது அண்ணன் வந்தான். பூசாரியின் தட்டில் எலுமிச்சை அறுக்கிற கத்தி இருந்தது. அதை எடுத்தான். அவள் கையைப் பிடித்து, காப்பை அறுத்துக் கீழே போட்டான். பிறகு பூசாரியைப் பார்த்து, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அப்பன் யாரு, குலம் எதுன்னு கேட்டுட்டுக் கட்டணும். இது சத்திரமில்ல, கோயிலு."

அவ்வளவு ஜனமும் நின்று வேடிக்கை பார்த்தது. என் மகளுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் திணறுவாள். அவள் பர்மியத்தில், "அம்மா, போயிடலாம்" என்றாள். சின்னப் பிள்ளைக் குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

நான் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். அவன் மேலேயே தூற்றினேன். "எம்பிள்ளைய எறக்கவிடாத உங்குழி நனஞ்சு போவட்டும். உங்காலு பொசுங்கிப் போவட்டும்" என்றேன். நனைந்த குழியில் கால் எப்படிப் பொசுங்கும் என்று பிற்பாடு என் கணவர் கேட்டார். சாபம் விடுகிறவளுக்கு அதெல்லாம் தோன்றுமா? வாயில் வந்ததைச் சொன்னேன். பங்குனி வெயில் கொளுத்துகிற ரங்கூனில் குழி நனைய வேண்டும் என்று கேட்டது அசட்டுத்தனமான சாபம் என்றுதான் அங்கே நின்றவர்களும் நினைத்திருப்பார்கள்.

அந்த வாரம் முழுவதும் நான் அவனை என்னென்ன செய்தேன் என்று எழுதினால் பேப்பர் தாங்காது. அரிசி களையும்போது அவன் தலையைக் களைந்தேன். மிளகாய் இடிக்கும்போது வேறு எதையோ இடித்தேன். கணவர் பர்மாக்காரர்களுக்கே உரிய நிதானத்தோடு, "விட்டுவிடு, அவனவன் செய்ததை அவனவன் அனுபவிப்பான்" என்பார். அவருக்கு அடுத்த பிறவி இருக்கிறது, காத்திருக்கலாம். எனக்கு இந்தப் பிறவியிலேயே பார்த்தாக வேண்டும். பொறுத்தார் பூமியாள்வார் என்கிறார்கள். அலோனில் பொறுத்துப் போனவர்கள் எல்லாம் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார்கள்.

தீமிதிக்கு முதல் நாள் மத்தியானம். கரண்ட் இல்லை. கடையில் விசிறிமட்டையால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆற்றுப் பக்கம் வானம் கறுத்தது. கறுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, பழைய செம்பில் களிம்பு ஏறினால் ஒரு நிறம் வருமே, அது. திடீரென்று காற்று. சாமான் ஏற்றி இறக்க மாடிகளிலிருந்து பை கட்டித் தொங்கவிட்டிருக்கிற கயிறுகள் எல்லாம் பறந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அப்புறம் எதிர்க் கடைத் தகரத்தில் யாரோ கல்லெறிந்தார்கள். ஒரு கல், இரண்டு கல். அடுத்த நிமிஷம் தெருவே இரைந்தது.

நெல்லிக்காய் அளவு, சிலது எலுமிச்சை அளவு. லான்மடாவில் பிறந்து வளர்ந்த என் மாமியார் வயதுக்காரிகளே இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். ஆலங்கட்டியைப் பர்மியத்தில் மழைப்பழம் என்பார்கள். பேர் மட்டும்தான் பழம். வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடிகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்தன. சாலையோரத்து டீக்கடைக் குடைகள் கிழிந்து தொங்கின. ரங்கூன் காக்கை எதற்கும் அஞ்சாத ஜாதி, அதுவே செத்துச் செத்து விழுந்தது. மாடி டிஷ்கள் சொட்டையாயின. காற்றும் கல்லும் நின்றபோது தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் கிண்ணம் கிண்ணமாக அள்ளித் தின்ன, பெரியவர்கள் செல்போனில் படம் எடுத்துவிட்டு, அனுப்ப நெட்வொர்க் இல்லாமல் போனை உதறிக்கொண்டிருந்தார்கள். இன்சீன் பக்கம் மரங்கள் விழுந்து, ஊரைச் சுற்றிவருகிற வட்ட ரயில் நின்றுவிட்டது. பஸ் இல்லை, டாக்சி இல்லை. மின்கம்பிகள் தெருவில் கிடந்தன. இதுவரை கரண்ட் இல்லாமல் இருந்தோம், இனிமேல் கம்பியும் இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

என் வீட்டு அடுப்படித் தகரத்திலும் ஏழெட்டு ஓட்டை விழுந்திருந்தது. அம்மன் கணக்கில் சாபம் கேட்டவளுக்குத் தனிச் சலுகை கிடையாது போலிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அந்த ஓட்டைகள் வழியாக வானத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்கள் அம்மன் நிற்கவெல்லாம் இல்லை. ஒரு வாரத்திலேயே இறங்கிவிட்டாள்.

தார்ப்பாய்க் கடைக்காரர்கள் யாரும் தண்ணீர்த் திருவிழா முடிவதற்கு முன்னால் சரக்கு இறக்க மாட்டார்கள். மழைக்காலம் அதற்குப் பிறகுதானே. என் கணவர் மட்டும் முன்கூட்டியே இறக்கி வைப்பார், தெருவே அவரைக் கேலி செய்யும். அன்றைக்குத் தெருவே எங்கள் கடையில் நின்றது. ஓட்டைக் கூரைக்காரர்கள் எல்லாம் "மோகா, மோகா" என்று கையை நீட்டினார்கள். இங்கே தார்ப்பாய்க்கு அதுதான் பேர். கணவர் அளந்து அறுக்க, மகள் சுருட்டிக் கட்ட, நான் எடுத்துக் கொடுத்தேன். பெரிய லாரி மூடுகிற மோகா இரண்டு இருந்தது. அவற்றை மட்டும் என் காலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அதை ஏன் கொடுக்கவில்லை?" என்று கணவர் கேட்டார்.

"அதுக்கு ஆள் வரும்" என்றேன்.

ஏனென்றால் அலோனிலிருந்து நடந்தே வந்த பூக்காரி ஒருத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கோயில் பந்தல் கந்தலாகிவிட்டதாம். சாமி புறப்பாட்டுக் கொட்டகையின் கூரை சல்லடையாம். அடுக்கி வைத்த கட்டையில் மேல்வரிசை நனைந்துவிட்டது, அடியில் இன்னும் ஈரம் இறங்கவில்லை. இரவு மறுபடி மழை என்கிறார்கள், அது பெய்தால் நாளைக்கு நெருப்பே கிடையாது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உன் வாய்தாண்டின்னு எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. ஊரில் பாதிக் கார்க் கண்ணாடியை என் பேரில் எழுதினாலும் பரவாயில்லை என்று இருந்தது.

இருட்டுவதற்கு முன்னால் அண்ணன் வந்தான். கூடவே கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் வயசாளி. அண்ணன் காலில் செருப்பில்லை, காப்பு விரதம். உருகிய ஆலங்கட்டிச் சேற்றில் அலோனிலிருந்து நடந்து வந்திருந்தான். மற்றவர்களுக்குக் கொடுத்து முடிக்கும் வரை அவனை நான் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்றால், ஓரக்கண்ணால் ஒவ்வொரு நிமிஷமும் பார்த்தேன். அவனுக்கு முன்னால் நின்ற பர்மாக்காரக் கிழவிக்கு வேண்டுமென்றே கயிறு மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"பெரிய மோகா இருக்குதா?" என்றான் கடைசியில், சுவரைப் பார்த்து.

"யாருக்கு?"

"கோயிலுக்கு."

"என் கையால வந்தா தீட்டில்லயா?"

வயசாளிதான் முன்னால் வந்தார். "ஆத்தா, கோவத்த அப்பறம் வச்சுக்க. தாத்தன் காலத்துலேர்ந்து ஒரு வருசம் நின்னதில்ல. சண்டக் காலத்துலயும் நடந்துச்சு. அறுவது எழுவது பேரு காப்போட நிக்கிறாங்க. மோகாவக் குடு, வாயால விட்டத வாயாலயே எடுத்துடு."

"ரெண்டும் தரேன்" என்றேன். "நாளைக்கு எம்மகள அவரு தூக்கிட்டு எறங்கட்டும்."

அண்ணன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் போலிருந்தது.

"பிள்ளையத்தான் தூக்கலாம். இது பத்தொம்பது வயசுப் பொண்ணு" என்றான்.

"நீ மாட்டேன்னப்ப பிள்ளையாத்தான் இருந்தா. நாலு வயசு, எலும்பும் தோலுமா, பூ மாதிரி கெடந்தா. பதினஞ்சு வருசம் நீ தள்ளிப் போட்ட, சொம ஏறிப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவ காப்ப அறுத்தப்ப ஊரு வேடிக்க பாத்துச்சுல்ல, இதையும் பாக்கட்டும்."

அவன் வயசாளியைப் பார்த்தான், நடக்காது என்று சொல்வார் என்று. அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எத்தன வயசு வரைக்கும் பிள்ளைன்னு யாரும் சொல்லி வைக்கலியேப்பா" என்றார். அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தலையை ஒரு தடவை ஆட்டினான். ஆட்டிவிட்டு, "சாபம்?" என்று கேட்டான்.

"கரையேறினப்பறம் எடுக்கறேன்."

அதாவது, நெருப்பில் நடக்கும்போது அது அவன் மேல்தான் இருக்கும். அவனுக்கும் புரிந்தது. மோகாவைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி என் கணவரும் கூடப் போய்க் கட்டையைப் போர்த்திக் கட்டிவிட்டு வந்தார். இரவு மழை பெய்தது. நான் தூங்கவில்லை, மோகா தாங்க வேண்டுமே என்று கிடந்தேன். இப்போது மழை நிற்க வேண்டும் என்று வேண்டுகிறவளும் நானேதான்.

மகள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் என்ன அரிசி மூட்டையா? அந்த ஆள் என்னைத் தொட வேண்டாம்" என்று பர்மியத்தில் சத்தம் போட்டாள். அவளுக்கும் கோபம் உண்டு, என் வயிற்றில்தானே பிறந்தாள். டெங்குக் கதையை அதுவரை நான் அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். நான் ஏன் அவள் துப்புகிற தண்ணீரைப் பார்க்கிறேன் என்பதையும் சொன்னேன். "கீழே போட்டுவிட்டால்?" என்று கேட்டாள். "போட மாட்டான், கௌரவம் போய்விடும்" என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தேன். தூக்கிப் போகிற பிள்ளைக்கு விரதம் கிடையாது. கறி, மீன் வைக்கவில்லை, அம்மனோடு எனக்குச் சண்டையில்லை. பருப்பு, உருளைக்கிழங்கு, தயிர், மத்தியானம் இன்னொரு தட்டுச் சோறு, மேலே வாழைப்பழம். போதும் என்றாள். "தின்னுடி, கனக்கட்டும்" என்றேன். கணவர் அப்பால் போய்ச் சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது குழியில் தணல் பரப்பியிருந்தார்கள். தரை ஈரம் இன்னும் போகவில்லை, ஓரங்களிலிருந்து ஆவி வந்தது. ரயில் இல்லாததால் இன்சீன் ஜனம் வரவில்லை, ஆனாலும் அலோன் முழுவதும் வந்திருந்தது. விஷயம் பரவாமல் இருக்குமா. மஞ்சள் வேட்டியில், கழுத்தில் வேப்பிலை மாலையோடு அண்ணன் குழிமுனையில் நின்றான். என் மகள் அவன் பின்னால் நின்றாள். அவன் குனிந்து உட்கார்ந்தான். அவள் அவன் முதுகில் உப்புமூட்டை ஏறினாள்.

முதல் தடவை எழுந்திருக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து வயது, தொந்தி, முட்டிவலி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். இரண்டாம் தடவை ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தான். உடுக்கைச் சத்தம் ஏறியது. அவன் இறங்கினான்.

தீமிதியில் இறங்குகிறவர்கள் விடுவிடுவென்று போவார்கள், அதுதான் காலைக் காப்பாற்றும். பாரத்தோடு அவனால் அப்படிப் போக முடியவில்லை. ஒவ்வொரு காலும் தணலுக்குள் புதைந்து எழுந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். கேட்டது கிடைத்துக்கொண்டிருந்தது. என் வயிறு குளிர்ந்தது. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

பாதிக் குழியில் நின்றுவிட்டான்.

உடுக்கை அடிப்பவரும் நிறுத்திவிட்டார். நெருப்பில் யாராவது நிற்பார்களா. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் விழுந்தால் அவன் மட்டும் விழ மாட்டான் என்று. என் பிள்ளை அவன் முதுகில் இருந்தாள். நானே கேட்டு, நானே சோறு போட்டு, நானே ஏற்றி அனுப்பியிருந்தேன். மகள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையைத் திருப்பாமல் ஏதோ பதில் சொன்னான். அவளை ஒரு தடவை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தான். முன்னைவிட மெதுவாக நடந்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் பால்குழியில் கால் வைத்த பிறகுதான் அவளை இறக்கிவிட்டான். இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான் போய் நின்றேன். "எடுத்தாச்சு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. உள்ளுக்குள் ஒரு துண்டு மிச்சம் வைத்துக்கொண்டேன். பதினைந்து வருஷத்துக்கு வட்டி உண்டல்லவா.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன், நடுவில் என்ன பேசினீர்கள் என்று.

"மாமா கால் ரொம்ப நடுங்கிச்சு. நான் எறங்கிடட்டான்னு கேட்டேன்" என்றாள். தமிழில் சொன்னாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"காப்பு இல்லாம எறங்கக் கூடாது, கால் வெந்துடும், கெட்டியாப் புடிச்சுக்கன்னாரு."

அந்தக் காப்பை அறுத்தவன் அவன்தான் என்று நான் ஞாபகப்படுத்தினேன். "தெரியும்மா" என்றாள் அவள். அதற்கு மேல் அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கு எரிந்தது. நான் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த கோபத்தை இவள் பாதிக் குழியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். அவன் சொன்னது கோயில் விதிக்குப் பயந்தா, பிள்ளைக்காகப் பயந்தா என்று நான் இரவெல்லாம் புரண்டு யோசித்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள்.

அண்ணனுக்கு இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துப் புண்ணாகிவிட்டது. காப்புக் கட்டி இத்தனை வருஷம் இறங்கியவனுக்கு இதுவரை ஒரு கொப்பளம் வந்ததில்லை. விரதம் சுத்தமில்லை என்று சிலர் பேசினார்கள், சாபம் என்று சிலர் பேசினார்கள். முப்பது வீசை அரிசி மூட்டை போன்ற ஒரு பெண்ணைத் தூக்கினால் யாருக்கும் வரும் என்று யாரும் பேசவில்லை. மகள் களிம்பு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். என்னிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை. வந்து அவன் வீட்டு அடுப்படி எப்படி, அண்ணி என்ன பலகாரம் கொடுத்தாள் என்றெல்லாம் சொல்வாள். நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். நீயும் வாயேன் என்றாள் ஒரு நாள். "நான் ஆள் அனுப்பினப்ப அவன் வரல, பதிலத்தான் அனுப்பினான். வேணும்னா கால் ஆறினதும் நடந்து வரட்டும்" என்றேன்.

தண்ணீர்த் திருவிழா முடிந்து, உடைந்த கண்ணாடிகளெல்லாம் மாற்றி, தெரு பழையபடி ஆன பிறகு ஒரு மத்தியானம் அவன் வந்தான். நல்ல வெயில். செருப்புப் போடுகிற அளவுக்குக் கால் ஆறவில்லை, துணியைச் சுற்றிக்கொண்டு அலோனிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். வீட்டு வாசலில் நின்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கல்யாணமானதிலிருந்து அவன் அந்த வாசலுக்கு வந்ததில்லை. வந்தால் என்ன கேட்பது என்று நான் மனசில் எழுதி எழுதி அழித்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டால் ஒரு பேச்சு, கேட்காவிட்டால் ஒரு பேச்சு, இரண்டும் தயாராக இருந்தது.

அவன் என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"மருமக இல்லியா?" என்று கேட்டான்.

அவன் எனக்காக வரவில்லை. என்னிடம் சொல்ல அவனுக்கு ஒன்றுமே இல்லை. பழிவாங்கியது நான், உறவு அவளுக்குப் போய்விட்டது. அந்த வார்த்தையை அவள் நாலு வயதில் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் பொங்கியது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் பின்கட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பாள்.

"வெளிய போயிருக்கா, வர நேரமாகும்" என்றேன்.

"பரவால்ல, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் காலோடு வெயிலிலேயே நின்றான்.

நிற்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.